காத்திருக்கிறேன் என்று சொன்ன பாடம்

அந்தப் பாடம் முதல் நாளே என்னைப் பாராட்டியது. அதனால்தான் எனக்கு அதன் மேல் சந்தேகம் வந்தது.

காரைக்குடியில் பழைய பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் கணினிப் பயிற்சி மையத்தில் நான் பாடம் நடத்துகிறேன். அதற்கு முன்னால் பல வருடம் ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆசிரியை. பலகையில் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் எண்ணை எழுதி, அழித்து, வேறு எண்ணை எழுதித்தான் ப்ரோகிராம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்துப் பழக்கம். மையத்திலும் அப்படியே நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் உரிமையாளர் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"மேடம், இனிமே பாடமே கேள்வி கேக்கும், பாடமே திருத்தும், பிள்ளைக போன்லயே செஞ்சு பாத்துக்கலாம். நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டாப் போதும்" என்றார்.

பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு எதற்குச் சம்பளம் கொடுக்கிற ஆசிரியை என்று அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்டது.

திரையில் ஒரு பெட்டி இருந்தது. 'இந்தப் பெட்டிக்குள் ஐந்தை வைத்துவிட்டுப் பிறகு மூன்றை வைத்தால், கடைசியில் உள்ளே இருப்பது என்ன?' என்று கேட்டது. நான் வேண்டுமென்றே 'வெண்டைக்காய்' என்று தட்டினேன். 'அருமையான முயற்சி. விடையை நெருங்கிவிட்டீர்கள்' என்றது பாடம்.

"வெண்டைக்காய் எப்படிங்க நெருங்கும்?" என்று கேட்டேன்.

"பாராட்டித்தான் மேடம் படிக்க வைக்கணும். நம்ம காலம் மாதிரியா?" என்றார் உரிமையாளர்.

அதில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினால் ப்ரோகிராமின் அடுத்த வரி மட்டும் ஒளிரும், அந்த வரியால் எந்தப் பெட்டியில் எந்த எண் மாறியது என்பது கண் முன்னால் நடக்கும். நான் பலகையில் கை வலிக்கச் செய்ததைத்தான் அது செய்தது, என்னைவிடச் சுத்தமாகச் செய்தது. கலைத்துப் போட்ட வரிகளை விரலால் இழுத்து ஒழுங்காக அடுக்கும் பயிற்சி ஒன்று இருந்தது. அது எனக்கே பிடித்திருந்தது. பிடித்ததை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த மாதமே, எக்செல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த இளம் ஆசிரியை வருவது நின்றது. கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது என்று உரிமையாளர் சொன்னார். அந்தப் பெண்ணை நான் போனில் கூப்பிட்டேன். அவளும் அதையே சொன்னாள். ஆனால் எந்தக் கம்பெனி என்று கேட்டதும் பேச்சை மாற்றினாள். ஆசிரியர் எவ்வளவு நேரம் பாடத்தின் உள்ளே இருந்தார் என்பதையும் அந்தப் பாடம் உரிமையாளருக்குக் காட்டுகிறது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் சமைக்கும்போதும் அதைத் திறந்தே வைத்திருந்தேன்.

அந்தப் பருவத்தில்தான் சாக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முப்பது வயதைத் தாண்டியவள். கல்யாணத்துக்கு முன்பு வரலாற்றில் பட்டம் வாங்கியிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்கள். ஏதாவது அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போக வேண்டும் என்று சொன்னாள். விவசாயக் குடும்பம். புருஷன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ தொழிலும் செய்கிறார் என்றாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

வாரத்தில் மூன்று நாள் டவுன் பஸ்ஸில் வருவாள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில் ஓரமாக உட்காருவாள். மெதுவாகத்தான் வேலை செய்வாள். ஒரு வரி தட்டிவிட்டு அதைத் திரும்பப் படிப்பாள், திருத்துவாள், மறுபடி படிப்பாள். தப்பு வந்தால் முகம் சிவக்கும். பாடம் 'அருமையான முயற்சி' என்று சொல்லும்போது அவள் நம்புகிறாளா என்று நான் கவனித்துப் பார்ப்பேன். நம்பினாள் என்றுதான் தோன்றியது.

ஒரு வாரம் அவளுடைய சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல். அவள் வகுப்புக்கும் வரவில்லை, வீட்டிலும் பாடத்தைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு மதியம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கதவருகில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, கால் முழுக்கச் செம்மண். கையில் ஒரு பெண்ணின் கைப்பேசி. பின்பக்கம் பூப்போட்ட உறை.

"வணக்கம் டீச்சர். எங்க வீட்டுல இங்குட்டுத்தான் படிக்குது" என்றார். குரலில் மரியாதை இருந்தது. ஆனால் கண் அறைக்குள் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு ஆண்பிள்ளையின் மேலும் போய்விட்டுத்தான் என்னிடம் வந்தது.

"சொல்லுங்க."

"இந்த மெசேஜ் தினம் வருது. யாரு அனுப்புறாகன்னு தெரியணும்."

கைப்பேசியை நீட்டினார். 'இன்றும் உங்களைக் காணவில்லையே. உங்களுக்காகக் காத்திருக்கிறேன்' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு சிரித்த முகம். கீழே, 'உங்கள் பாடத்தோழன்'. அதற்கு மேலும் அதே மாதிரி நாலைந்து.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"இது ஆள் அனுப்புறது இல்லீங்க. பாடமே அனுப்புது. கொஞ்ச நாள் திறக்காம விட்டா இப்படி வரும். எனக்குக்கூட ஆரம்பத்துல வந்திருக்கு, பாருங்க" என்று என் கைப்பேசியை எடுத்துக் காட்டினேன்.

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உங்களுக்கும் அனுப்புறானா?"

"அனுப்புறான் இல்லீங்க, அனுப்புது. மெஷின்."

"மெஷினு எப்படிக் காத்திருக்கும்?"

முன்வரிசையில் இருந்த ஒரு பையன் தன் கைப்பேசியையும் காட்டினான். அவனுக்கும் அதே தோழன், அதே சிரிப்பு. அவர் அதையும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பாடம் எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னார். காலியாக இருந்த கணினியில் வரிகளை அடுக்கும் பயிற்சியைத் திறந்து, ஒரு வரியை இழுத்துக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

படியிறங்கப் போனவர் திரும்பி நின்றார். "இது எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பேசுமா, இல்ல ஆளுக்குத் தக்கன மாத்திப் பேசுமா?"

"ஆளுக்குத் தக்கபடி மாத்தும். அதுதான் இதோட விசேஷம்" என்றேன். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த வகுப்புக்கு அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். அவள் உட்காரும்போது நான் அவள் கன்னத்தையும் கையையும் பார்த்தேன். தெரிகிற மாதிரி எதுவும் இல்லை. தெரியாத மாதிரி எவ்வளவோ இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"வீட்டுல ஏதும் சங்கடம் இல்லையே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்லை டீச்சர். அவுக வந்துட்டுப் போனாகளாமே" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அவளுடைய பயிற்சிகள் மாற ஆரம்பித்தன.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான். திணறிக்கொண்டிருந்தவள் திடீரென்று ஒவ்வொரு பாடத்தையும் முடித்துக்கொண்டு முன்னால் போனாள். கல்லூரிப் பிள்ளைகள் நின்றுபோன இடங்களைக்கூடத் தாண்டிப் போனாள். உரிமையாளருக்கு ஒரே பெருமை. எனக்கு அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வகுப்பில் என் கண் முன்னால் அவள் அதே பழைய ஆள்தான். ஒரு வரி தட்டி, படித்து, திருத்தி. வீட்டில் மட்டும் எப்படி இவ்வளவு வேகம்?

அந்தப் பாடத்தில் ஒரு வசதி உண்டு. மாணவர் ப்ரோகிராம் எழுதியதை, எழுத்து எழுத்தாக, அவர் தட்டிய வரிசையிலேயே, தட்டிய நேரத்தோடு நாம் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். ஒரு பட்டையை விரலால் நகர்த்தினால், சினிமா மாதிரி, எழுதுவதும் அழிப்பதும் மறுபடி எழுதுவதும் வரும். அதுவரை நான் அதைத் தொட்டதில்லை. ஒருவர் தனியாக உட்கார்ந்து தடுமாறுவதை அவருக்குத் தெரியாமல் பார்ப்பது எனக்கு என்னவோ போல் இருந்தது. அன்று தொட்டேன்.

இரண்டு கைகள் தெரிந்தன. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. காலையில் எழுதிய கை தயங்கித் தயங்கிப் போனது. பெட்டிகளுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் சீனி, பால், தூள் என்று வீட்டுச் சாமான்களின் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தது. மதியம் எழுதிய கை முரட்டுத்தனமாக இருந்தது. யோசிக்காமல் தட்டும், தப்பு வந்தால் முழுசையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதும். பெட்டிகளுக்கு ஒற்றை எழுத்துத்தான் பெயர். தப்பைக் கண்டு அந்தக் கைக்குப் பயமே இல்லை.

யாரோ அவளுக்காகச் செய்கிறார்கள். தம்பியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் பையனாக இருக்கலாம். பாடத்தோழன் என்று ஒருவன் நிஜமாகவே இருக்கிறானோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அவளுடைய புருஷன் கதவருகில் நின்று என்னைப் பார்த்த பார்வை இப்போது எனக்குள் வந்திருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் போகவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்திக் கேட்டேன். "வீட்டுல யாராச்சும் ஒத்தாசை பண்றாகளா? பண்ணுனாத் தப்பில்லை. எனக்குத் தெரிஞ்சா நல்லது."

"இல்லை டீச்சர்" என்றாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் போய்விடும் என்று இறங்கிவிட்டாள்.

உரிமையாளரிடம் சொன்னேன். இரண்டு கை பற்றியெல்லாம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மேடம், நானே உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். அவுக போட்டோவைப் போட்டு வாசல்ல ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கப் போறோம். கிராமத்துல இருந்து வந்த இல்லத்தரசி, எல்லாப் பாடத்தையும் முதல்ல முடிச்சவங்க. நல்லா இருக்கும்ல?"

"அவங்கதான் முடிச்சாங்களான்னு தெரியாம எப்படிங்க வைக்கிறது?"

"பாடம் சொல்லுது மேடம். நாம என்ன சொல்றது?" என்றார். நான் கிளறினால் அவருக்கு வசதிப்படாது என்று புரிந்தது.

ஃப்ளெக்ஸ் விஷயத்தை நான்தான் அவளிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "போட்டோவெல்லாம் வேணாம் டீச்சர். நீங்க சொல்லித் தடுத்திருங்க" என்றாள். வெட்கத்தில் சொல்கிறாள் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். எனக்கு அது பயமாகத்தான் பட்டது.

அந்த வாரம் ஒரு பயிற்சி வந்தது. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்து, சரியான இடத்தில் நிறுத்துகிற மாதிரி, உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையை ப்ரோகிராமாக எழுதுங்கள் என்று. அவள் பெயரில் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. காலையில் எழுதியது ஒரு குடத்தில் தண்ணீர் நிரப்புவது. குடம் நிரம்பியதும் நிற்க வேண்டும். ஒரு குறி விட்டுப்போய் நின்றிருந்தது. மதியம் எழுதியதில் முதல் தடவையாகப் பெட்டிகளுக்கு முழுப் பெயர் இருந்தது. ஒன்று டீசல். இன்னொன்று நடை, வண்டி போய் வருகிற கணக்கு. டீசல் இருக்கிறவரை ஒரு நடை போ, டீசலைக் குறை, நடையில் ஒன்றைக் கூட்டு. கடைசியில், திரும்பி வருகிற அளவுக்கு டீசல் இல்லையென்றால் கிளம்பாதே என்று ஒரு வரி. அந்த வரியைப் பாடம் கேட்கவே இல்லை.

மறுநாள் வகுப்பில் சாதாரணமாகக் கேட்டேன். "உங்க வீட்டுக்காரர் ஏதோ தொழில் பண்றாருன்னு சொன்னீகளே, என்ன தொழில்?"

"டிராக்டர் வச்சிருக்காக டீச்சர். சூளையில இருந்து செங்கல் லோடு அடிக்கிறாக" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எதற்குக் கேட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பித் திரையைப் பார்த்து அடுத்த வரியைத் தட்ட ஆரம்பித்தாள்.

அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அவர் எதற்காகச் செய்கிறார்? பெண்டாட்டிக்குச் சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுக்கவா, இல்லை அவள் ஒன்றும் கற்றுக்கொள்ளாமலே போகட்டும் என்றா? எல்லாவற்றையும் அவரே முடித்துவிட்டால் அவளுக்கு எதுவும் மிஞ்சாது. பிறகு எந்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாலும் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவாள். அப்படியும் கெடுக்கிற ஆட்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை நடக்கும்போதும் மனது இதையேதான் சுற்றியது.

சனிக்கிழமை இரண்டு பேரையும் வரச் சொன்னேன். உரிமையாளர் அன்று மதுரைக்குப் போயிருந்தார். அதைப் பார்த்துத்தான் அந்த நாளைச் சொன்னேன்.

அவர் அதே மாதிரி வேட்டியை மடித்துக் கட்டி வந்தார். அவள் அவருக்குப் பின்னால் ஒரு எட்டு தள்ளி உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுப் பயிற்சியை வேற யாரோ செய்யறாப்புல தெரியுது. உங்களுக்கு ஏதும் தெரியுமா?" என்று நேராகவே கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும் டீச்சர். பத்தாப்போட நின்னவன். அதைத் தொட்டதே இல்லை" என்றார். கண்ணை எடுக்காமல் சொன்னார். இவ்வளவு நன்றாகப் பொய் சொல்கிறவரை எப்படிப் பிடிப்பது என்று நினைத்தேன்.

"சரி, அப்ப விடுங்க" என்று சொல்லிவிட்டுக் கணினியை அவர் பக்கம் திருப்பினேன். வரிகளை அடுக்கும் பயிற்சியை ஏற்கனவே திறந்து வைத்திருந்தேன். டீசல், நடை என்று அந்த வரிகளையே கலைத்துப் போட்டிருந்தேன். அவளைப் பார்த்துப் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு வரியாக இழுத்து வைத்தேன். "இப்ப பாருங்கம்மா. டீசல் இருக்கிறவரைக்கும்னு மேல வச்சாச்சு. ஒரு நடை போ, இது உள்ளே. நடையில் ஒன்றைக் கூட்டு, இதுவும் உள்ளே. டீசலைக் குறை, இதைக் கடைசியில வெளிய வச்சிடுவோம்."

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"அது வெளிய நின்னா வண்டி நிக்கவே நிக்காதுல்ல டீச்சர்" என்றார் அவர். "குறையிறது உள்ள இருந்தாத்தானே குறையும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னதை அவரே கேட்டார். கையை நீட்டியிருந்தார், திரையில் அந்த வரியை இழுக்க. மெதுவாகக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரு அந்தப் பக்கம் இருக்கான்னு பாக்கத்தான் போனேன்" என்றார். "மதியம் சாப்பிட வந்தா போனு கட்டில்ல கிடக்கும். திறந்து கண்டபடி பதில் போட்டுப் பாத்தேன். ஆளு இருந்தா மாட்டிக்கிருவான்னு. இந்தக் கேள்விக்கு ஏன் இப்படிச் சொல்றேன்னு ஒருத்தன் கோவப்படுவான்ல? அது கோவப்படவே இல்லை. மறுபடி செய்ங்கன்னுச்சு. மறுபடி செஞ்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. தினம் பாத்தேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை டீச்சர்." கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "பள்ளிக்கூடத்துல கணக்குத் தப்பாப் போட்டா எந்திரிச்சு நிக்க வச்சு எல்லாப் பயலும் சிரிப்பான். இது சிரிக்கல."

அந்த 'அருமையான முயற்சி'யை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

"உங்களுக்குன்னு தனியாச் சேர்ந்துக்கலாமே" என்றேன்.

"எனக்கு எதுக்கு" என்று எழுந்துவிட்டார். "கல்லு அடிக்கிறவனுக்கு இது எதுக்கு. இனிமே தொட மாட்டேன். அதை அதுவே பாத்துக்கிரட்டும்." பெண்டாட்டியைக் காட்டித்தான் அப்படிச் சொன்னார். வண்டியை நிழலில் நிறுத்தியிருப்பதாகச் சொல்லிவிட்டுக் கீழே போனார்.

அவள் போகவில்லை. பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்குத் தெரியும், இல்லையா?" என்றேன்.

"தெரியும் டீச்சர். முத வாரமே தெரியும். நான் விட்ட இடத்துல பாடம் இருக்காது. முன்னாடி போயிருக்கும்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா அவுகளுக்கு அசிங்கமாப் போயிரும். அன்னையோட போனையே வாங்கி வச்சுக்கிருவாக. இப்ப அவுகளே உள்ள வந்துட்டாகள்ல. என்னைய எப்படி வெளிய கூப்பிடுவாக?" நிறுத்திவிட்டு, "நான் சும்மா இருக்கலை டீச்சர். அவுக முடிச்ச பாடத்தை அழிச்சுட்டு மறுநா காலையில நான் மறுபடி முதல்ல இருந்து செய்வேன். சாயங்காலம் பாத்தா அவுக அதையும் தாண்டிப் போயிருப்பாக" என்றாள்.

வகுப்பில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்த பெண்ணா இது என்று பார்த்தேன். அவளை நம்புவதா, இதுவும் ஒரு கதையா என்று அந்த நிமிஷத்திலும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அவள் போன பிறகு அந்தப் பட்டையை நகர்த்திப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். அவர் முடித்த ஒவ்வொரு பாடமும் மறுநாள் காலையில் அழிந்து, அந்தத் தயங்கும் கையால் மறுபடி எழுதப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை உரிமையாளரிடம் அந்தக் 'காத்திருக்கிறேன்' செய்தியை நிறுத்தச் சொன்னேன். அது கம்பெனிக்காரர்கள் வைத்தது, நம்மால் முடியாது என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாடத்தின் உதவிப் பக்கத்தை முழுதாகப் படித்தேன். அவர்கள் வைத்திருந்தது 'உங்கள் அடுத்த பாடம் தயார்' என்ற ஒரே வரிதான். மாற்றி எழுத மைய நிர்வாகியால் மட்டும்தான் முடியும். மறுபடி போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தயார்னு சொன்னா எவன் மேடம் வாரான்? நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டாத்தான் வருவாக" என்றார். தோழனும் சிரித்த முகமும் அவர் எழுதியதுதான்.

"அந்த நல்ல வார்த்தையால ஒரு வீட்டுல என்ன நடந்திருக்கும் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். அன்று சாயங்காலமே செய்தி பழையபடி மாறிவிட்டது. ஃப்ளெக்ஸ் பேச்சையும் அவர் எடுக்கவில்லை. நான் வீட்டில் பாடத்தைத் திறந்தே வைத்திருப்பதை அவர் கண்டுபிடித்திருக்கிறாரா என்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைசித் தேர்வை மையத்திலேயே, கைப்பேசிகளை வாங்கி வைத்துவிட்டு நடத்தினேன். பாராட்டுகிற பாடம் இல்லை, வெறும் திரைதான். அவளுக்கு நேர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவளைத்தான் பார்க்கிறேன் என்று அவளுக்கும் தெரியும். ஒரு வரி தட்டினாள், படித்தாள், திருத்தினாள். நேரம் முடிகிறவரை எழுதினாள். கல்லூரிப் பிள்ளைகளில் சிலர், பாடத்தில் முடித்ததைக் காட்டும் பட்டை முழுக்க நிரம்பியவர்கள், பாதியில் எழுந்து போய்விட்டார்கள். அவள் முதலாக வரவில்லை, நடுவில் எங்கோ வந்தாள். ஆனால் அவள் விடைத்தாளில் இருந்த ஒவ்வொரு தப்பும் அவளுடையதுதான். அது எனக்குப் போதுமாக இருந்தது. சாக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கிறாள்.

அந்தப் பாடங்களை நான் இன்னும் வைத்துத்தான் நடத்துகிறேன். ஆனால் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் எழுதி என்னிடம் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. பாடத்தையும் நம்புவதில்லை, எங்களையும் நம்புவதில்லை என்று முணுமுணுக்கிறார்கள். அதில் பொய் இல்லை.

அவள் முடித்துப் போன சில மாதங்களில், புதுச் சேர்க்கைகளில் ஒன்று சாக்கோட்டைப் பக்கத்து முகவரியோடு வந்தது. வகுப்புக்கு வராமல் கைப்பேசியிலேயே படிக்கிறவர்களுக்கான சேர்க்கை. ஆண் பெயர். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. போன வாரம் அந்தச் சேர்க்கையில் கொடுத்திருந்த கைப்பேசி எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பின்னால் டிராக்டர் இன்ஜின் சத்தம்.

"டீச்சர், ப்ரோகிராமுல இந்த ஃபங்ஷன்னு வருதுல்ல, அதுல ஒரு சந்தேகம். அதுக்குள்ள பெட்டியில மாத்துன எண்ணு வெளிய வந்து பாத்தா மாறலை. ஏன்?"

சொன்னேன். புரியவில்லை என்றார். வேறு விதமாகச் சொன்னேன். அப்போது இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது மாதிரி இருந்தது. அவர் உடனே அதே கேள்வியை இன்னும் தெளிவாக, நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளிலேயே கேட்டார். அந்தச் சந்தேகம் அவருடையதா, பக்கத்தில் நின்று அவள் கேட்கச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. பதிலைச் சொல்லி முடித்தேன். வண்டி எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்.